மஞ்சளை மீட்ட காகிதங்கள்

வெட்டுக்காயத்துக்கு மஞ்சள் வைப்பது அமெரிக்காவில் ஒருமுறை ‘கண்டுபிடிப்பு’ ஆனது. அதை ரத்து செய்ய பாட்டிமார்களின் சாட்சியம் போதவில்லை. அச்சிட்ட தாள் தேவைப்பட்டது. அச்சில் ஏறாத பச்சிலைகளுக்கு இனி யார் சாட்சி?

அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது விரல் அறுபட்டால் இந்தியாவின் பெரும்பாலான வீடுகளில் முதலில் திறக்கப்படுவது அஞ்சறைப்பெட்டிதான். ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் காயத்தின் மேல் வைத்து அழுத்தப்படும். பழைய வேட்டியின் ஓரம் கிழிபடும். இரண்டு நிமிடத்தில் கட்டுப் போட்டு முடித்து, சமையல் தொடரும். இந்திக்காரர்களுக்கு அது ஹல்தி, வங்காளிகளுக்கு ஹலுத், மராத்தியர்களுக்கு ஹளத், தெலுங்கர்களுக்கு பசுப்பு. பெயர் மாறுகிறதே தவிர கைப்பக்குவம் மாறுவதில்லை. இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. அம்மா செய்தார், அவருடைய அம்மா செய்தார். அவ்வளவுதான்.

1995 மார்ச் 28-ம் தேதி இந்தக் கைப்பக்குவத்துக்கு அமெரிக்காவில் ஒரு எண் கிடைத்தது: 5,401,504. காயத்தை ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்காக மிசிசிபி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு வழங்கப்பட்ட காப்புரிமையின் எண் அது. கண்டுபிடித்தவர்கள் என்று பதிவான சுமன் கே. தாஸ், ஹரி ஹர் பி. கோலி இருவருமே இந்திய வம்சாவளியினர். 1993 டிசம்பரில் தாக்கலான அவர்களுடைய விண்ணப்பம் மொத்தம் 6 உரிமைகளைக் கோரியது. மஞ்சள் தூளைக் காயத்தின் மேல் இடுவதும், உள்ளுக்குக் கொடுப்பதும் அவற்றில் அடக்கம். இதில் வேடிக்கை, இந்தியாவில் சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் மஞ்சள் மரபு மருந்தாகப் பயன்பட்டு வருகிறது என்பதை அந்த விண்ணப்பமே ஒப்புக்கொண்டிருந்தது. இருந்தும் உரிமை கிடைத்தது.

செய்தி இந்தியாவுக்கு வந்தபோது எழுந்த கோபத்துக்குக் காலமும் ஒரு காரணம். அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதிதான் உலக வர்த்தக அமைப்பு பிறந்திருந்தது. ‘காட்’ ஒப்பந்தம், டங்கல் திட்டம் ஆகியவற்றை எதிர்த்து விவசாயிகள் நடத்திய ஊர்வலங்களின் சூடு ஆறியிருக்கவில்லை. வேம்பின் மீது அமெரிக்க நிறுவனம் ஒன்று உரிமை பெற்றிருந்த விவகாரமும் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. அடுத்ததாக மஞ்சளும் போய்விட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

உண்மையில் அமெரிக்க காப்புரிமை அமெரிக்க எல்லைக்குள் மட்டுமே செல்லும். சாங்லியிலோ ஈரோட்டிலோ மஞ்சள் விற்பவர் மீதும், விரலில் மஞ்சள் வைத்துக்கொள்ளும் குடும்பத்தலைவி மீதும் யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் அமெரிக்காவில் மஞ்சளை வைத்துக் காய மருந்து விற்க நினைக்கும் எவரும், இந்தியர் உட்பட, உரிமையாளரின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். அதைவிட முக்கியமாக, ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்றை ஒருவர் தன் பெயரில் எழுதிக்கொள்ள முடியும் என்ற முன்மாதிரி அங்கே உருவாகியிருந்தது.

பழக்கம் சாட்சி ஆகாது

எல்லோருக்கும் தெரிந்த விஷயம் எப்படிப் புதுக் கண்டுபிடிப்பு ஆகும்? விடை அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இருந்தது. ஒன்று ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று காட்ட அந்தச் சட்டம் இரண்டு வழிகளையே ஏற்றது. அமெரிக்காவுக்குள் அது அறியப்பட்டதாகவோ பழக்கத்தில் இருந்ததாகவோ இருக்க வேண்டும். அல்லது உலகில் எங்காவது அச்சில் வெளியாகியிருக்க வேண்டும். வேறு நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் தினமும் செய்துவந்தாலும், அச்சில் இல்லாவிட்டால் கணக்கில் வராது. சட்டத்தின் கண்ணில் இந்தியச் சமையலறை இருட்டறை.

எனவே டெல்லியில் உள்ள அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் (சி.எஸ்.ஐ.ஆர்.) காகிதங்களைத் தேடத் தொடங்கியது. அப்போது அதன் தலைமை இயக்குநராக இருந்தவர் ரகுநாத் மஷேல்கர். காயத்துக்கு மஞ்சள் என்று சொல்லும் 32 ஆவணங்கள் திரட்டப்பட்டன. சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களின் பகுதிகள் அவற்றில் இருந்தன. சில நூறாண்டுகளுக்கும் முற்பட்டவை. இந்திய மருத்துவ சங்கத்தின் ஆய்விதழில் 1953-ல் வெளியான கட்டுரை ஒன்றும் இருந்தது. 1996 அக்டோபரில், காப்புரிமையை மறுபரிசீலனை செய்யுமாறு அமெரிக்க காப்புரிமை அலுவலகத்திடம் மனு தரப்பட்டது.

உரிமையாளர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய நூல்கள் சொல்வது மஞ்சள் விழுதைப் பற்றி. தாங்கள் கேட்டிருப்பது தூளைப் பற்றி. இரண்டும் உடலில் சேரும் விதம் வேறு என்று வாதிட்டார்கள். அம்மியில் அரைத்தால் விழுது, உரலில் இடித்தால் தூள் என்று வளர்ந்த எந்தப் பெண்ணும் சிரித்திருக்கக்கூடிய வாதம் இது. அமெரிக்கப் பரிசோதகரும் ஏற்கவில்லை. 1997 ஆகஸ்டில் 6 உரிமைகளும் நிராகரிக்கப்பட்டன. 1998 ஏப்ரலில் ரத்துச் சான்றிதழ் வந்து கணக்கு தீர்ந்தது. வளரும் நாடு ஒன்றின் மரபு அறிவின் மீது வழங்கப்பட்ட அமெரிக்க காப்புரிமை இப்படி வீழ்த்தப்பட்டது அதுவே முதல் முறை.

வெற்றிதான். ஆனால் சம்பந்தப்பட்டவர்கள் யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. மஞ்சள் விஷயத்தில் ஆதாரம் இருந்தது, தேடிக் கிடைத்தது. ஒவ்வொரு மூலிகைக்கும் ஒவ்வொரு நாட்டிலும் இப்படி மொழிபெயர்த்து, வக்கீல் வைத்து, டாலரில் செலவழித்துக்கொண்டிருக்க முடியுமா?

ஏட்டிலிருந்து கணிப்பொறிக்கு

அந்தக் கேள்விக்கு விடையாக 2001-ல் தொடங்கப்பட்டதுதான் ‘மரபு அறிவு மின்நூலகம்’. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் ஆகியவற்றின் மூலநூல்களில் உள்ள மருந்து முறைகளைப் பிரித்தெடுத்து, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் காப்புரிமைப் பரிசோதகர்களுக்குப் புரியும் வடிவில் தருவது இதன் பணி. தமிழ் சித்த நூல்களும் இதில் ஏறியிருக்கின்றன. 2009-ல் ஐரோப்பிய காப்புரிமை அலுவலகமும் அமெரிக்க அலுவலகமும் இதைப் பயன்படுத்த உடன்பாடு செய்துகொண்டன. இன்று 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மருந்து முறைகள் அதில் உள்ளன.

புண், காயம் பற்றி மட்டுமே அந்த நூல்களில் கிடைப்பது ஏராளம். சுஸ்ருத சம்ஹிதை புண்ணுக்கு 60 வகைச் சிகிச்சை முறைகளை வரிசைப்படுத்துகிறது. தேனையும் நெய்யையும் காயத்தில் இடுவதைச் சொல்கிறது. மல்லிகை இனத்தைச் சேர்ந்த ஜாதி இலையுடன் வேம்பும் மஞ்சளும் சேரும் ஜாத்யாதி தைலம் ஆயுர்வேதக் கடைகளில் இன்றும் விற்பனையாகிறது. ஊமத்தை இலைச் சாறு, தேங்காயெண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் சித்த மருத்துவத்தின் புகழ்பெற்ற புண் மருந்து. இவற்றை இனி யாரும் தன் கண்டுபிடிப்பு என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

சட்டங்களும் மாறின. மரபு அறிவாக உள்ள எதற்கும் இந்தியாவில் காப்புரிமை இல்லை என்று 2002-ம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. அமெரிக்காவிலும் 2013 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் உள்நாட்டுப் பழக்கம், வெளிநாட்டுப் பழக்கம் என்ற பாகுபாட்டை நீக்கியது. ஆயினும் பழக்கம் இருந்தது என்று காட்ட ஏதாவது ஒரு பதிவு வேண்டியிருக்கிறது. பதிவு இல்லாதவை?

அமெரிக்காவிலிருந்து வந்த ‘நம்ம’ பச்சிலை

வரப்போரத்தில், கிணற்று மேட்டில், ரயில் பாதை ஓரத்தில் வளரும் சிறு செடி ஒன்று உண்டு. நீண்ட காம்பின் நுனியில் மஞ்சள் நடுவும் வெளிர் இதழ்களும் கொண்ட ஒற்றைப் பூ. தமிழில் கிணற்றடிப் பூண்டு, வெட்டுக்காயப் பூண்டு. குழந்தைகளுக்கு தாத்தா பூ. மகாராஷ்டிரத்தில் தகடி பாலா. ஆந்திரத்தில் கட்டி சாமந்தி. ஒடிசாவில் இதன் பெயர் இன்னும் கம்பீரமானது: விசல்யகரணி. அம்புபட்டு விழுந்த லட்சுமணனுக்காக அனுமன் கொண்டுவந்த மூலிகைகளில் ஒன்றின் பெயர் அது. கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டால் நான்கு இலையைப் பறித்து, உள்ளங்கையில் கசக்கி, சாற்றைப் பிழிந்து, சக்கையை வைத்து அழுத்துவார்கள். இந்த வைத்தியம் தெரியாத விவசாயக் கூலி குறைவு.

ஆனால் இந்தச் செடியின் சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. கொலம்பஸுக்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் உலகெங்கும் பரவிய களைகளில் ஒன்று. ஆக, சரகரோ சுஸ்ருதரோ இதைப் பார்த்திருக்க வழியில்லை. வயல்வெளியில் புதிதாக முளைத்த ஒரு செடியை முகர்ந்து, கசக்கி, காயத்தில் வைத்துப் பார்த்து, பலனைக் கண்டு, பெயர் சூட்டி, அடுத்த தலைமுறைக்குச் சொன்னவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத உழைப்பாளிகள்.

இது தனி உதாரணம் அல்ல. கேரளத்தில் தோட்டத்தில் வேலை செய்கிறவர் காலில் கல் குத்தினால் தேடுவது ‘கம்யூனிஸ்ட் பச்சை’. கம்யூனிஸ்ட் கட்சி வளர்ந்த காலத்தில் இந்தச் செடியும் வேகமாகப் பரவியதால் அப்படி ஒரு பெயர் என்பார்கள். அதே செடியை அசாமில் ‘ஜெர்மானி பன்’ என்கிறார்கள். ரத்தத்தை நிறுத்த அங்கேயும் அதன் இலைச் சாறுதான். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களையே.

மரபு என்றால் ஓலைச்சுவடியில் உறைந்து கிடப்பது என்ற எண்ணத்துக்கு இந்த இரண்டு களைகளும் மறுப்பு. கைவைத்தியம் புதியதை ஏற்றுக்கொண்டு வளர்ந்தபடியே இருக்கிறது. அதன் பலவீனமும் அதுதான். மூலநூல்களில் அது இல்லை. கிணற்றடிப் பூண்டைப் பொறுத்தவரை, 1980-களிலேயே இந்திய விஞ்ஞானிகள் எலிகளிடம் சோதித்து முடிவுகளை ஆய்விதழ்களில் வெளியிட்டுவிட்டதால் காகித சாட்சி கிடைத்துவிட்டது. காட்டோரக் குடியிருப்புகளில் மட்டுமே தெரிந்த எத்தனையோ இலைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மஞ்சள் என்னதான் செய்கிறது?

உரிமை யாருடையது என்ற சண்டையில் ஒரு கேள்வி பின்னுக்குப் போனது. மஞ்சள் வைத்தால் காயம் உண்மையிலேயே ஆறுகிறதா?

முதலில் நடப்பது எளிய விஷயம். காய்ந்த தூள் ஈரத்தை உறிஞ்சுகிறது, ரத்தம் கட்டிக்கொள்கிறது. காப்பித்தூளை அப்பினாலும் ரத்தம் நிற்பதாகத் தோன்றுவது இதனால்தான். கூடவே விரல் கொடுக்கும் அழுத்தம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இதற்கு மேல் மஞ்சளுக்கென்று தனிக் குணமும் உண்டு. அதன் நிறப்பொருளான குர்குமின் 1815-ல் பிரித்தெடுக்கப்பட்டு, 1910-ல் அதன் வேதி அமைப்பு அறியப்பட்டது. வீக்கத்தைத் தணிக்கும் தன்மை அதற்கு இருப்பதை ஆய்வுக்கூடங்கள் காட்டியுள்ளன. 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், குர்குமின் தரப்பட்ட எலிகளிலும் கினிப் பன்றிகளிலும் காயங்கள் விரைவாக மூடின.

ஆனால் தூளில் குர்குமின் இருப்பது நூற்றில் சில பங்குதான். தண்ணீரில் அது கரைவதில்லை, எளிதில் சிதைகிறது. குர்குமினை வைத்து மனிதர்களிடம் நடந்த சோதனைகளை 2017-ல் அலசிய மருந்து வேதியியலாளர்கள், இரு தரப்புக்கும் தெரியாமல் போலி மருந்துடன் ஒப்பிட்டு நடத்திய எந்தச் சோதனையிலும் அது வெற்றி பெறவில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். அதாவது, சிறு கீறலுக்கு மஞ்சள் வைப்பதில் பலன் இருக்கலாம், அற்புதம் இல்லை.

கைவைத்தியத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்து சோதித்தவர்களும் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் எம். சுப்ரமண்யம், தீக்காயம் பட்ட 104 பேரிடம் தேனில் நனைத்த துணியையும் வழக்கமான வெள்ளி மருந்துக் களிம்பையும் ஒப்பிட்டு 1991-ல் பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை இதழில் எழுதினார். தேன் வைத்தவர்களுக்கு விரைவாக ஆறியது. ஈரத்தை இழுக்கும் அதன் அடர்த்தியும், அதில் சிறு அளவில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமிகளை வளரவிடுவதில்லை. கதிர்வீச்சால் கிருமி நீக்கிய தேன் இன்று பல நாடுகளில் காயக் கட்டுகளில் பயன்படுகிறது.

மும்பை சயன் பகுதியில் உள்ள லோகமான்ய திலக் நகராட்சி மருத்துவமனை மருத்துவர்கள் வாழை இலையை எடுத்துக்கொண்டார்கள். தீப்பட்டவரை வாழை இலையில் கிடத்தும் வழக்கம் தமிழர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் செய்தது, இலையைத் துணியில் ஒட்டி, நீராவிக் கொப்பரையில் கிருமி நீக்கி, கட்டாகப் போட்டது. புண்ணில் ஒட்டாது, பிரிக்கும்போது வலிக்காது, செலவும் சொற்பம். 2003-ல் அவர்களுடைய முடிவுகள் சர்வதேச இதழில் வெளியாயின. பாட்டி வைத்தியத்துக்கும் மருத்துவமனை வைத்தியத்துக்கும் இடையில் அவர்கள் சேர்த்தது இரண்டுதான்: கிருமி நீக்கம், கணக்கு.

எங்கே நிறுத்த வேண்டும்?

இந்த இரண்டும் இல்லாத இடத்தில் கைவைத்தியம் ஆளைக் கொல்லவும் கூடும். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் மஞ்சள், சாம்பல், சாணம் என்று வைத்த காலம் ஒன்று இருந்தது. சாணத்திலும் மண்ணிலும் உள்ள டெட்டனஸ் கிருமி அந்த வழியே புகுந்து எத்தனையோ பச்சிளம் சிசுக்களை வாரிக்கொண்டு போனது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, சுத்தமான பிளேடு, கொடியில் எதையும் வைக்காமல் விடுவது ஆகியவற்றால்தான் 2015-ல் தாய்-சேய் டெட்டனஸை ஒழித்த நாடு என்ற அங்கீகாரம் இந்தியாவுக்குக் கிடைத்தது.

நாய்க்கடி இன்னொரு எல்லை. கடித்த இடத்தில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைக்கும் பழக்கம் வடக்கிலும் தெற்கிலும் உண்டு. எதையும் வைக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டு நெறிகள் கண்டிப்பாகச் சொல்கின்றன. 15 நிமிடம் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். துருப்பிடித்த ஆணி குத்திய ஆழமான காயம், அழுத்தியும் ரத்தம் நிற்காத காயம், நீரிழிவுக்காரரின் காலில் ஏற்பட்ட புண், சீழ் வைத்தோ சிவப்பு பரவியோ காய்ச்சல் வரும் காயம் எல்லாம் மருத்துவரிடம் போக வேண்டியவை. சிறு கீறலுக்குக்கூட முதல் மருந்து சுத்தமான தண்ணீர். மஞ்சளானாலும் பச்சிலையானாலும் அதற்குப் பிறகுதான்.

பாட்டி காலத்து மஞ்சள் கிழங்காக வந்து வீட்டில் இடிபட்டது. இன்று வருவது பாக்கெட். நிறம் கூட்ட மெட்டானில் மஞ்சள் என்ற சாயமும், அதைவிட மோசமாக ஈய குரோமேட்டும் கலக்கப்படுவதுண்டு. தெற்காசிய நகரங்களில் மஞ்சளைச் சோதித்து 2024-ல் வெளியான ஆய்வு, பாட்னாவில் எடுத்த மாதிரிகளில் மிக அதிக ஈயத்தைக் கண்டது. சடங்குகளைத் தாண்டி வந்த மஞ்சளை வியாபாரம் கெடுத்திருக்கிறது.

யார் எழுதுவது?

மஞ்சள் வழக்கு கற்றுக்கொடுத்த பாடம், எழுதிவைத்தால் பிழைக்கலாம் என்பது. இந்தியா அதைச் சட்டமாகவே ஆக்கியது. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் தன் எல்லைக்குள் உள்ள தாவரங்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில்’ எழுத வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31-ஐக் காலக்கெடுவாக விதித்த பிறகு வேலை சூடுபிடித்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவேடுகள் உருவாயின. கெடுவுக்குள் முடிக்க அவசரத்தில் நிரப்பிய பதிவேடுகளின் தரம் என்ன என்று சூழலியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கும் கூலிப்பெண்ணிடம் யாராவது உட்கார்ந்து கேட்டார்களா என்பதே அந்தக் கேள்வியின் சாரம்.

எழுத்துக்கு இன்னொரு முகமும் உண்டு என்பது 2023-ல் தெரிந்தது. அந்த ஆண்டு அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, நூல்களில் தொகுக்கப்பட்ட மரபு அறிவைப் பயன்படுத்துகிறவர்கள் லாபத்தில் பங்கு தரத் தேவையில்லை என்று விலக்கு அளிக்கப்பட்டது. அதாவது, நூலில் இருப்பதை வெளிநாட்டுக்காரர் தன் பெயரில் எழுதிக்கொள்ள முடியாது. உள்நாட்டு நிறுவனம் அதை வைத்துச் சம்பாதித்தால், பரம்பரையாகக் காத்துவந்த மக்களுக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. மூலிகைத் தொழில் வளர இது அவசியம் என்பது அரசுத் தரப்பு. காட்டையும் மூலிகையையும் காத்தவர்களின் பங்கு பறிபோகிறது என்பது எதிர்த்தரப்பு.

உலக அரங்கில் ஒரு கதவு திறந்திருக்கிறது. மரபு அறிவை அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கேட்பவர், அது எந்த மக்களிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும் என்ற உடன்படிக்கை 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்டது. மஞ்சள் விண்ணப்பத்தின் காலத்தில் அப்படி ஒரு கட்டாயம் இருந்திருந்தால், பரிசோதகர் முன்னால் கேள்விகள் அன்றைக்கே எழுந்திருக்கும்.

மஞ்சளுக்காக வாதாட சமஸ்கிருதமும் உருதுவும் இந்தியும் இருந்தன, ஓர் ஆய்விதழும் இருந்தது. அறுவடை வயலில் அரிவாள் பட்ட விரலில் பச்சிலை பிழிகிற பெண்ணிடம் இருப்பது அந்த இலையும் அவருக்குத் தெரிந்த பெயரும்தான். அந்தப் பெயரையும், எந்தக் காயத்துக்கு வைப்பார், எதற்கு வைக்க மாட்டார் என்பதையும் அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும்போது அவருடைய ஊரையும் சேர்த்து எழுத வேண்டும்.